கற்றை அளவிகளைச் சோதிக்க ஒரு சிறிய அயனி மூலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபாரடே கப் (கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் கிண்ணம்), வயர் ஸ்கேனர் (கற்றையின் குறுக்கே கம்பியை நகர்த்தி அதன் வடிவத்தைப் பார்ப்பது), ஒளிரும் திரை, எமிட்டன்ஸ் ஸ்கேனர் (கற்றையின் பருமனையும் கோணப் பரவலையும் சேர்த்து அளப்பது) போன்ற கற்றை அளவிகளைத் துகள் முடுக்கியில் பொருத்துமுன் மேசையளவு இடத்தில் சோதித்துப் பார்க்க உதவும் ஓர் அயனி மூலத்தை, அதாவது அயனிகளை உண்டாக்கிக் கற்றையாக வெளியே அனுப்பும் கருவியை, பற்றிய பக்கம் இது. இங்கே சொல்லப்படும் கணக்குகள் எல்லாம் ஒரே அமைப்புக்கானவை: 10 கிலோவோல்ட், 0.4 மில்லிஆம்பியர், ஹீலியம் அயனிக் கற்றை.

முடுக்கியிலேயே சோதித்துக்கொண்டால் ஆகாதா?

ஆகும். ஆனால் முடுக்கியில் கற்றை நேரம் எளிதில் கிடைக்காது. கிடைக்கும் சில மணி நேரமும், ஸ்கேனரின் இடமும் வலமும் மாறிக் கிடக்கிறது, ஃபாரடே கப்பின் தடுப்பு வளையத்துக்கான (கப்பிலிருந்து எலக்ட்ரான்கள் தப்பாமல் தடுக்கும் வளையம்) கேபிள் உள்ளே எங்கோ சுவரைத் தொடுகிறது, மோட்டாரின் லிமிட் ஸ்விட்ச் வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். இவை எல்லாம் 4 வாட் கற்றையிலேயே வெளிப்படும் குறைகள். அவற்றுக்காகப் பெரிய இயந்திரத்தின் வெற்றிடத்தைத் திறக்க வேண்டியதில்லை.

இதில் எவற்றைச் சோதிக்க முடியாது?

வெப்பத் தாங்குதிறனைச் சோதிக்க முடியாது. கிலோவாட் கற்றையில் உருகும் தகடு இங்கே வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. மின்புலத் தூண்டலால் வேலை செய்யும் கற்றை நிலைமானிகளின் அளவுத்திருத்தத்தையும் இங்கே செய்யக் கூடாது. 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஹீலியம் அயனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 700 கி.மீ.; ஒளியின் வேகத்தில் 0.23%. இவ்வளவு மெதுவான துகளின் மின்புலம் நீளவாக்கில் பரவிக் கிடக்கும். எனவே வேகமான கற்றையில் வரும் சமிக்ஞை வடிவம் இங்கே வராது. கேபிள், முனைமாற்றம், மென்பொருள் ஆகியவற்றைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எந்த வகை மூலம் நல்லது?

இந்த வேலைக்கு, எலக்ட்ரான் உமிழும் சூடான இழையும், பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் பிடித்துவைக்கும் பலமுனைக் காந்தக் கூண்டும் கொண்ட மூலமே எங்கள் தேர்வு. டியோபிளாஸ்மாட்ரான் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைச் சிறு துளையருகே குவிக்கும் மூலம்) பழுத்த தொழில்நுட்பம்; ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்னின் லினாக் 2 முடுக்கி 2018 வரை அதைக்கொண்டுதான் புரோட்டான் தந்தது. ஆனால் அதன் துளையும் காந்தச் சுற்றும் துல்லியமான கடைசல் கேட்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் மூலத்தில் இழையே இல்லை, மாதக்கணக்கில் ஓடும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் லெஹிபா முடுக்கியும் அந்த வகை மூலத்தையே பயன்படுத்துகிறது. ஆனால் மேக்னட்ரான், அலைவழிகாட்டி, ட்யூனர், உயரழுத்த (உயர் வோல்டேஜ்) இடைமுறிப்பு என்று பாகங்கள் கூடிக்கொண்டே போகும். சோதனை மேசைக்கு அது தேவையில்லை.

மைக்ரோஆம்பியர் போதும், வாயுவே வேண்டாம் என்பவர்கள் பொட்டாசியம் அலுமினோசிலிகேட் பூசிய சூடேற்றி ஒன்றை 1000 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பொட்டாசியம் அயனிகளைப் பெறலாம். பிளாஸ்மா இல்லை, வெற்றிடமும் கெடாது. கட்ட இதைவிட எளிய மூலம் இல்லை.

ஏன் ஹீலியம்? ஹைட்ரஜன் தானே வழக்கம்?

ஹைட்ரஜன் பிளாஸ்மாவிலிருந்து மூன்று வகை அயனிகள் கலந்து வரும்: ஓரணு, ஈரணு, மூவணு. மூன்றும் ஒரே ஆற்றலில் வருவதால் மின்புல லென்ஸ் அவற்றைப் பிரிக்காது. ஆனால் வழியில் எங்கே காந்தப்புலம் இருந்தாலும் பிரிந்துவிடும். திரையில் மூன்று புள்ளிகள் தெரியும்போது குறை கற்றையிலா, திரையிலா என்று சொல்ல முடியாது. சோதனை மூலத்தின் முதல் தகுதி, அதிலிருந்து வருவது என்னவென்று சந்தேகமில்லாமல் தெரிந்திருப்பது. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஹீலியத்தின் முதல் அயனியாக்க ஆற்றல் 24.6 எலக்ட்ரான்வோல்ட். அந்த அயனியிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 54.4 வேண்டும். எனவே ஆர்க் வோல்டேஜை (இழைக்கும் அறைச் சுவருக்கும் இடையே கொடுப்பது) 45 அளவில் நிறுத்தினால், இழையின் வோல்டேஜையும் பிளாஸ்மாவின் சில வோல்ட்டையும் கூட்டினாலும் இரட்டை அயனி பிறக்க வழி இருக்காது. ஆர்கானில் இந்தச் சலுகை குறைவு: 15.8-க்கு அடுத்தது 27.6. அதோடு ஆர்கான் இழையையும் எலக்ட்ரோடுகளையும் அரித்துத் தள்ளும்.

ஹீலியத்துக்கும் ஒரு குணக்கேடு உண்டு: வழியிலுள்ள ஹீலியம் அணுவிடமிருந்து எலக்ட்ரானை எளிதாக வாங்கிக்கொள்ளும். அதைப் பற்றி வெற்றிடக் கேள்வியில் பார்ப்போம்.

பிளாஸ்மா அறையின் அளவுகள் என்ன?

உள்விட்டம் 60 மி.மீ., நீளம் 80 மி.மீ. உள்ள செப்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு உருளை. சுவர் 4 மி.மீ.; காந்தம் உட்காரும் இடங்களில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி 3 மி.மீ. ஆக்கவும். 10×10×70 மி.மீ. காந்தப் பட்டைகள் 10 தேவை. உள்நோக்கிய முகம் வடக்கு, தெற்கு, வடக்கு என்று மாறி மாறி வர வேண்டும். அதனால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். வெளியே 4 மி.மீ. மென்எஃகு வளையம் ஒன்று பூட்டினால் புலம் உள்ளே கூடும், வெளியே குறையும். பின் மூடியிலும் இரண்டு மூன்று வரிசைக் காந்தம் வையுங்கள். அதை விட்டுவிட்டால் எலக்ட்ரான்கள் அந்த வழியாகவே ஓடிவிடும்.

சமாரியம் கோபால்ட் காந்தமே வாங்குங்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாக வலுவிழக்கும். தண்ணீர் ஒருமுறை நின்றால் அந்த வெப்பநிலை எளிதில் வந்துவிடும்.

உட்சுவரில் புலம் 0.1 டெஸ்லாவுக்குக் குறையக் கூடாது. பத்துப் பட்டை அமைப்பில் மையத்தை நோக்கிப் போகப் போக, ஆரத்தின் நான்காம் அடுக்கில் புலம் விழும். பாதி ஆரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். நடுவில் புலமே இல்லாத அமைதியான பிளாஸ்மா கிடைப்பதால் கற்றை சுழற்சியின்றி நேராக வருகிறது.

இழைக்கு என்ன கம்பி?

0.5 மி.மீ. டங்ஸ்டன், வெப்பமாகும் நீளம் 80 மி.மீ., ஹேர்பின் வடிவம். 2650 கெல்வின் அளவில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் எலக்ட்ரான் உமிழ்வு கிடைக்கும். அதற்கு 18 ஆம்பியர், 6 வோல்ட், அதாவது நூறு வாட்டுக்குச் சற்று மேல் ஆகும். பவர் சப்ளை 10 வோல்ட், 30 ஆம்பியர் என்று வாங்கினால் முனைகளில் ஆகும் இழப்புக்கும் இடம் இருக்கும்.

டங்ஸ்டனை வளைக்கும்போது சிவக்கச் சூடாக்கி வளைக்கவும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் நார் நாராகப் பிரியும். முதலில் ஒன்றும் தெரியாது. முதல் மணி நேரத்திலேயே அந்த இடத்தில் அறுந்துவிடும். பிடிக்கும் முனைகள் மாலிப்டினம் அல்லது தடித்த செம்பாக இருக்கட்டும். பித்தளை வேண்டாம்: சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி அறை முழுக்கப் படியும்.

இழையின் சப்ளையை மாறா மின்னோட்டத்தில் ஓட்டாதீர்கள். கம்பி எங்கே மெலிகிறதோ அங்கே மின்தடை கூடி, சூடு கூடி, இன்னும் மெலிந்து அறுந்துபோகும். மாறா வோல்டேஜில் வைத்து, ஆர்க் மின்னோட்டத்தைப் பார்த்து மெதுவாகத் திருத்தும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றைச் சேர்ப்பது நல்லது. அதே வோல்டேஜில் இழை மின்னோட்டம் நாளுக்கு நாள் குறைந்து வந்தால் கம்பி மெலிகிறது என்று அர்த்தம். புது இழைக்கு இருந்த அளவிலிருந்து பத்து சதவீதம் இறங்கியதும் மாற்றிவிடுங்கள்.

பிரித்தெடுக்கும் எலக்ட்ரோடுகளின் இடைவெளியை எப்படித் தீர்மானிப்பது?

மூலத்தில் கவனமாகச் செய்ய வேண்டிய கணக்கு இதுதான். இங்கே மூன்று எலக்ட்ரோடுகள்: பிளாஸ்மா எலக்ட்ரோடு 10 கிலோவோல்ட் நேர்மின், துளை 2 மி.மீ.; 10 மி.மீ. தள்ளி தடுப்பு எலக்ட்ரோடு (எலக்ட்ரான்கள் மூலத்துக்குள் திரும்பாமல் தடுப்பது) 600 வோல்ட் எதிர்மின், துளை 3 மி.மீ.; அதற்கு 3 மி.மீ. தள்ளித் தரை எலக்ட்ரோடு. பிளாஸ்மா எலக்ட்ரோடு மாலிப்டினத்தில் 1 மி.மீ. தகடு. துளையின் வெளிப்பக்கம் 45 பாகையில் சரிவு எடுக்கவும்.

ஒரு இடைவெளி வழியாக எவ்வளவு மின்னோட்டம் போக முடியும் என்பதற்குச் சைல்ட்–லாங்மூர் எல்லை உண்டு. வோல்டேஜின் ஒன்றரை அடுக்கிலும், துளை ஆரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தின் இருமடியிலும் அது மாறும். மேலே சொன்ன அளவுகளில் ஹீலியத்துக்கு ஏறத்தாழ 0.86 மில்லிஆம்பியர் வரும். கற்றை மிகக் குறைவாக விரிவது இந்த எல்லையில் பாதியை ஒட்டி ஓட்டும்போதுதான். 0.4 என்ற எண் அங்கிருந்து வந்தது.

பிளாஸ்மா அதைவிட அடர்த்தியானால் அதன் விளிம்பு துளைக்கு வெளியே பிதுங்கும். கற்றை விரிந்து தடுப்பு எலக்ட்ரோடில் மோதும். அடர்த்தி குறைந்தால் விளிம்பு உள்வாங்கும். கற்றை துளையைத் தாண்டியதும் குறுக்கே வெட்டிக்கொண்டு பிறகு விரியும். இரண்டுக்கும் திரையில் வட்டம் பெரிதாகவே தெரியும். எது என்று அறிய ஆர்க்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்: வட்டம் சுருங்கினால் அடர்த்தி போதவில்லை, பெருத்தால் மிகுதி.

வோல்டேஜை மாற்றினால் ஆர்க்கையும் மாற்ற வேண்டும். 5 கிலோவோல்ட்டில் எல்லை 0.3 ஆகிவிடும், அப்போது 0.15 மில்லிஆம்பியர்தான் எடுக்கலாம். வோல்டேஜை மட்டும் இறக்கிவிட்டு, ஸ்கேனர் தவறாகக் காட்டுகிறது என்று அதைக் கழற்றுவதுண்டு. ஸ்கேனர் சரியாகத்தான் காட்டியிருக்கும்.

துளைகள் ஒரே நேர்கோட்டில் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.2 மி.மீ. விலகினாலே கற்றை 5 முதல் 7 மில்லிரேடியன் சாயும். ஒரு மீட்டர் தூரத்தில் அது 5 முதல் 7 மி.மீ. 2 மி.மீ. துரப்பண ஊசி ஒன்றின் மழுமழுப்பான தண்டை மூன்று துளைகளிலும் செருகிப் பார்ப்பதைவிட, அளவெடுத்துக் கடைந்த படிக்கட்டு ஊசி ஒன்று செய்துகொள்வது மேல்: ஒரு முனை 2 மி.மீ., மறுமுனை 3 மி.மீ.

எவ்வளவு வாயு, எவ்வளவு பம்ப்?

அறைக்குள் 0.5 பாஸ்கல் போதும். 2 மி.மீ. துளை வழியாக ஹீலியம் விநாடிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் வீதம் கசியும். அதை நிமிடத்துக்கு இத்தனை கன செ.மீ. என்ற கணக்கில் சொன்னால் 0.3தான். 10 அல்லது 50 கன செ.மீ. அளவுள்ள வாயு ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வாங்கினால் அவை தங்கள் அளவுகோலின் அடித்தட்டில் தடுமாறும். நல்ல ஊசி வால்வு ஒன்று போதும்; திறந்து அரை மணி நேரம் விட்டால் நிலைபெறும்.

விநாடிக்கு 250 லிட்டர் டர்போ பம்ப் வைத்தால் கற்றைக் குழாயில் 2×10⁻⁵ மில்லிபார் நிற்கும். அந்த அழுத்தத்தில் ஒரு மீட்டர் தூரத்துக்குள் சுமார் 5% அயனிகள் மின்னூட்டப் பரிமாற்றத்தில் நடுநிலை அணுக்களாகிவிடும். அவை ஃபாரடே கப்பில் கணக்கில் வராது. திரையை மட்டும் ஒளிரச் செய்யும். லென்ஸை மாற்றினாலும் அசையாத மங்கலான வட்டம் திரையில் தெரிந்தால் அது இந்த அணுக்களின் வேலை. அழுத்தத்தைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். குறுக்குப்புலத் தகடு ஒன்று வைத்து அயனிகளை ஒதுக்கிவிட்டால் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

அழுத்தமானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிர்க் கேதோடு மானிகள் நைட்ரஜனுக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை. ஹீலியத்தில் உண்மையில் உள்ளதில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே காட்டும். 4×10⁻⁶ என்று காட்டினால் ஆஹா என்று மகிழ வேண்டாம், 2×10⁻⁵தான் இருக்கிறது.

பவர் சப்ளைகளை எப்படி இணைப்பது?

இழை, ஆர்க், வாயு வால்வு ஆகியவற்றின் சப்ளைகள் எல்லாம் 10 கிலோவோல்ட்டில் மிதக்கும் ஒரு மேடைமேல் இருக்கும். அவற்றுக்கு 230 வோல்ட் மின்சாரம், 20 கிலோவோல்ட் காப்புள்ள 1 கிலோ வோல்ட்ஆம்பியர் பிரிப்பு டிரான்ஸ்பார்மர் வழியாக வரட்டும். கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளுக்கு ஒளியிழை. ஆர்க் சப்ளை 150 வோல்ட், 5 ஆம்பியர். ஓடும்போது 45 வோல்ட், ஒன்றரை ஆம்பியர்தான், ஆனால் பற்ற வைக்கக் கூடுதல் வேண்டும். உயரழுத்த சப்ளை 15 கிலோவோல்ட், 10 மில்லிஆம்பியர். அதற்கும் மேடைக்கும் நடுவே 10 கிலோஓம் துடிப்பு தாங்கும் மின்தடை ஒன்று தொடராக இருக்கட்டும். சாதாரண ஓட்டத்தில் 4 வோல்ட்தான் இழப்பு. தீப்பொறி வந்தால் மின்னோட்டத்தை 1 ஆம்பியரில் நிறுத்திவிடும்.

இழைக்கு மாறுமின்சாரம் கொடுத்தால் கற்றையில் 100 ஹெர்ட்ஸ் அலை ஏறும். நேர்மின்சாரமே கொடுங்கள்.

குளிரூட்டத் தண்ணீர் உயரழுத்த மேடைக்கு எப்படிப் போகும்?

6 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், போகவும் வரவும் தலா 2 மீட்டர். குழாய்த் தண்ணீரை விட்டால் ஒவ்வொரு குழாயின் மின்தடையும் ஒன்றிரண்டு மெகாஓம்தான். 10 கிலோவோல்ட்டில் ஒவ்வொரு குழாயிலும் ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் தண்ணீர் வழியாகவே ஓடும். கற்றை 0.4 மில்லிஆம்பியர், தண்ணீர் அதைப்போல் பல மடங்கு! அயனி நீக்கிய தண்ணீரை, 1 மெகாஓம்-செ.மீ. தடைத்திறனுள்ளதாக, சிறு தொட்டியிலிருந்து சுற்றவிட்டால் கசிவு மைக்ரோஆம்பியருக்கு இறங்கும். அகற்ற வேண்டிய வெப்பம் மொத்தமே 200 வாட்டுக்குள் என்பதால் தடித்த துடுப்புகளும் விசிறியும் வைத்துத் தண்ணீரையே தவிர்க்கவும் முடியும். காந்தங்களின் சூட்டை மட்டும் ஒரு உணரி கண்காணிக்கட்டும்.

முதல் முறை பற்ற வைக்கும் வரிசை?

இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும். வாயுவுக்கு முன் 10⁻⁶ மில்லிபார் கிடைக்க வேண்டும். இழையை 20 நிமிடத்தில் படிப்படியாக ஏற்றவும். அழுத்தம் திடீரென எகிறினால் நிறுத்தி இறங்கும்வரை காத்திருக்கவும். பிறகு ஹீலியத்தை 2 பாஸ்கல் வரை விட்டு, ஆர்க் சப்ளையை 100 வோல்ட், 1 ஆம்பியர் வரம்பில் போடவும். பற்றிக்கொண்டதும் வோல்டேஜ் தானாகச் சரியும். அப்போது வாயுவை 0.5-க்கும் ஆர்க்கை 45-க்கும் கொண்டுவரலாம். உயரழுத்தம் கடைசியில்: முதலில் தடுப்பு எலக்ட்ரோடு, அதன்பின் 500 வோல்ட் படிகளாக மேடை.

பற்றவே இல்லை என்றால் முதலில் காந்தத் திசையைப் பாருங்கள். ஒரு பட்டை தலைகீழாகப் போனால் பக்கத்தில் ஒரே முனைகள் சேர்ந்து அங்கே பெரிய ஓட்டை உண்டாகும். திசைகாட்டி ஒன்றை உருளைக்குள் சுற்றிக் கொண்டுவந்தால் பத்து முறை திரும்ப வேண்டும்.

உயரழுத்தத்தில் தீப்பொறி வந்துகொண்டே இருக்கிறது?

புது எலக்ட்ரோடுக்கு இயல்பு. தீப்பொறி வந்த அளவுக்குச் சற்றுக் கீழே பத்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஏற்றவும். 10 மி.மீ. இடைவெளிக்கு 10 கிலோவோல்ட் ஒரு பொருட்டே அல்ல. அங்கே பிறகும் பொறி நிற்கவில்லை என்றால் கைரேகை எண்ணெய், கூர்முனை, அல்லது காப்பானின் மேல் படிந்த உலோகம் என்று தேடவும். பிளாஸ்மாவை நேராகப் பார்க்கும் அலுமினா காப்பான் சில நாளில் கருத்துவிடும். நிழல் விழும்படி ஒரு தகட்டு வளையம் வைத்தால் அது தீரும்.

உயரழுத்த சப்ளை 0.7 காட்டுகிறது, ஃபாரடே கப் 0.4தான் காட்டுகிறது. எது சரி?

இரண்டும். சப்ளை, கற்றையோடு சேர்த்து, எலக்ட்ரோடில் மோதி விழும் அயனிகளையும் அங்கிருந்து திரும்பி மூலத்துக்குள் பாயும் எலக்ட்ரான்களையும் கணக்கிடுகிறது. தடுப்பு எலக்ட்ரோடின் மின்னோட்டத்தைத் தனியே அளவிடுங்கள். அது கற்றையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஆர்க்கைத் திருத்த வேண்டும். கப் எண்ணைச் சப்ளை எண்ணால் வகுத்தால் 0.8-க்கு மேல் வருவதுதான் நல்ல ஓட்டம். மேலே கேட்ட நிலையில் அது 0.57, துளைகளின் நேர்க்கோடு தவறியிருக்கும் அல்லது பிளாஸ்மா அடர்த்தி மிகுதி.

ஃபாரடே கப் எண்ணையே நம்பலாமா?

நம்புமுன் தடுப்பு வளையத்தின் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து 300 வரை எதிர்மின்னாக ஏற்றி, கப் மின்னோட்டத்தை வரைபடமாகப் பாருங்கள். அயனி மோதும்போது கப்பிலிருந்து எலக்ட்ரான்கள் எகிறும். அவை தப்பிப்போனால் அதுவும் நேர்மின்னோட்டமாகவே கணக்காகும். சுத்தமில்லாத செம்பில் எண் இரு மடங்கானாலும் ஆச்சரியமில்லை. தடுப்பு கூடக் கூட மின்னோட்டம் இறங்கி ஒரு சமதளத்தில் நிற்க வேண்டும். சமதளமே வரவில்லை என்றால் கப் ஆழம் போதாது அல்லது வளையம் குட்டை. 20 மி.மீ. வாய்க்கு 60 மி.மீ. ஆழமும் 10 மி.மீ. நீள வளையமும் வையுங்கள். மெல்லிய வளையத்துக்கு 100 வோல்ட் கொடுத்தால் அச்சின் மையத்தில் முப்பதோ என்னவோதான் மிஞ்சும்.

வளையத்தின் முன்னால் அதைவிடச் சிறிய துளையுள்ள தரைத்தகடு கட்டாயம் வேண்டும். கற்றையின் ஓரம் வளையத்தில் பட்டால் அங்கே கிளம்பும் எலக்ட்ரான்கள் கப்புக்குள் பாய்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். சமதளத்துக்குப் பதில் சரிவு தொடர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மின்னணுப் பக்கம்: 10 கிலோஓம் மின்தடை 0.4 மில்லிஆம்பியருக்கு 4 வோல்ட் தரும். அதன் குறுக்கே வாயுக்குழாய்ப் பாதுகாப்பான் வையாமல் பெருக்கியை இணைக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும், பெருக்கி போய்விடும்.

கற்றை எதிர்பார்த்ததைவிட ஏன் அதிகமாக விரிகிறது?

நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. 3 மி.மீ. ஆரத்தில் இணையாகப் புறப்படும் நம் கற்றை, எதிர்ப்பே இல்லாவிட்டால் 20 செ.மீ. தூரத்தில் இரு மடங்கு ஆரமாகும். நடைமுறையில் அப்படி ஆவதில்லை. கற்றை வாயுவில் மோதி உண்டாக்கும் எலக்ட்ரான்கள் உள்ளேயே தங்கி இந்தத் தள்ளலைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. தடுப்பு எலக்ட்ரோடின் 600 வோல்ட் இதற்காகத்தான்: அது இல்லாவிட்டால் இந்த எலக்ட்ரான்கள் அனைத்தும் மூலத்துக்குள் உறிஞ்சப்படும்.

இதிலிருந்து அளவிக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கற்றைக்குள் நேர்மின் வோல்டேஜ் உள்ள எதை நுழைத்தாலும் அது அந்த எலக்ட்ரான்களைக் கொள்ளையடிக்கும், கற்றை விரியும். வயர் ஸ்கேனரின் கம்பிக்கு 50 வோல்ட் நேர்மின் கொடுத்தால் இரண்டாம்நிலை எலக்ட்ரான் பிரச்சினை தீரும், கற்றை மாறிவிடும்! கம்பியைத் தரையிலேயே விட்டு, வடிவத்தை மட்டும் நம்பி, மொத்த மின்னோட்டத்தை ஃபாரடே கப்பிலிருந்து எடுப்பதே எங்கள் பரிந்துரை. 0.1 மி.மீ. டங்ஸ்டன் கம்பியில், 3 மி.மீ. திட்டவிலக்கமுள்ள கற்றையின் உச்சத்தில் 5 மைக்ரோஆம்பியர் அளவு வரும். எகிறும் எலக்ட்ரான்கள் அதைக் கூட்டிக் காட்டும்.

திரை மங்கிக்கொண்டே போகிறது?

10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஹீலியம் திரைக்குள் நூறு நானோமீட்டர் அளவுக்குத்தான் போகும். மொத்த ஆற்றலும் அந்தத் தோலில் விழுவதால் பாஸ்பர் (திரையின் ஒளிரும் பூச்சு) சீக்கிரம் சாகும். பார்க்கும்போது மட்டும் உள்ளே நுழையுங்கள். குரோமியம் கலந்த அலுமினா மெதுவாக மங்கும், ஆனால் மின்கடத்தாது. மின்னூட்டம் சேர்ந்து கற்றையையே தள்ளும். புள்ளி நடுங்கும் அல்லது ஓரத்துக்கு ஓடும். திரைமேல் மெல்லிய உலோக வலை ஒட்டித் தரையோடு இணைத்தால் சரியாகும். அலுமினியப் பூச்சு இங்கே உதவாது, கற்றை அதிலேயே நின்றுவிடும்.

அல்லிசன் ஸ்கேனருக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும்?

பால் அல்லிசனும் சகாக்களும் லாஸ் ஆலமோஸில் செய்து 1983-ல் வெளியிட்ட எமிட்டன்ஸ் ஸ்கேனர் வடிவம் அது: இரு பிளவுகளுக்கு நடுவே விலக்கும் தகடுகள். தகடு 60 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. என்றால், 50 மில்லிரேடியன் கோணத்துக்குத் தகடுகளிடையே 100 வோல்ட் போதும். வடிவியல் எல்லை 100 மில்லிரேடியன். அதற்கு மேல் துகள் தகட்டில் மோதும். தகடுகளின் முகத்தைப் படிக்கட்டு போல வெட்டாமல் மழமழப்பாக விட்டால் மோதிய அயனிகள் சிதறி, வரைபடத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பேய்ப்பிம்பம் தோன்றும்.

2 மி.மீ. துளை, அரை எலக்ட்ரான்வோல்ட் அயனி வெப்பம் என்று கொண்டால் எமிட்டன்ஸின் கீழ்எல்லை 2.5 மி.மீ. மில்லிரேடியன் அளவில் வரும். லென்ஸின் பிழைகளால் உண்மையில் அதைவிடச் சில மடங்கு கூடும். கீழ்எல்லைக்கும் கீழே உங்கள் ஸ்கேனர் காட்டினால் மென்பொருளில் பின்னணியை அதிகமாகக் கழித்திருக்கிறீர்கள்.

துடிப்புக் கற்றை வேண்டுமே?

ஆர்க்கை அணைத்து ஏற்றுவதைவிட வெட்டித் தகடு (வோல்டேஜ் கொடுத்துக் கற்றையை ஓரமாக விலக்கும் இணைத் தகடுகள்) வைப்பது சுத்தம். 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. இடைவெளி, 1 கிலோவோல்ட் என்றால் 125 மில்லிரேடியன் விலகும். அயனி தகட்டைக் கடக்கவே 70 நானோவிநாடி ஆவதால் அதைவிடக் கூரிய விளிம்பு எதிர்பார்க்க வேண்டாம். துடிப்பின் முதல் நூறு மைக்ரோவிநாடி அளவில் ஈடுசெய்யும் எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்காது. கற்றையின் பருமன் அந்த நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும். மின்னோட்ட டிரான்ஸ்பார்மருக்கு அது தொந்தரவில்லை. எமிட்டன்ஸ் அளவீட்டில் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

எக்ஸ்ரே ஆபத்து உண்டா? டியூட்டீரியம் போடலாமா?

10 கிலோவோல்ட்டில் பிறக்கும் எக்ஸ்ரேயை 3 மி.மீ. எஃகுச் சுவர் நிறுத்திவிடும். மெல்லிய ஜன்னல்கள் இருந்தாலோ, 15-ஐத் தாண்டினாலோ சர்வே மீட்டர் வைத்து அளந்துவிட்டே பக்கத்தில் நில்லுங்கள். டியூட்டீரியம் வேண்டவே வேண்டாம்: கற்றை உலோகத்தில் பதிந்த டியூட்டீரியத்தில் மோதி நியூட்ரான் பிறக்கும்; அதற்கான அனுமதியும் கவசமும் வேறு உலகம்.

இந்த மேசையில் உயிரை வாங்கக்கூடியது மேடையின் 10 கிலோவோல்ட்தான். கூண்டுக் கதவில் இன்டர்லாக் (கதவு திறந்தால் சப்ளையை அணைக்கும் ஸ்விட்ச்), மேடைக்கும் தரைக்கும் இடையே 100 மெகாஓம் வடிகால் மின்தடை, கதவருகே தொங்கும் தரைக்கோல். சப்ளையை அணைத்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகும் தரைக்கோலை மேடையில் மாட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். வேலை முடியும்வரை அது அங்கேயே தொங்கட்டும்.